போக்கர் டோர்னமெண்ட்ல ஜெயிக்க வைக்கிறது லக்கா, படிப்பா? (ராயபுரத்துல காசில்லாத லீக்)

#1 ராயபுரம் ரிவர்
மக்களே, பொங்கல் கழிச்சு எங்க ஏரியாவுல போக்கர் லீக் ஆரம்பிக்கிறோம். 9 பேர், 10 ரவுண்டு, நோ-லிமிட் ஹோல்டெம் (ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவுல பொதுவா அஞ்சு சீட்டு, எப்ப வேணா மொத்த சிப்பையும் தள்ளலாம்), மொட்டை மாடியில. காசு கிடையாது. ஒவ்வொரு ரவுண்டுலயும் முதல் மூணு இடத்துக்கு 50, 30, 20 புள்ளி, சீசன் முடிஞ்சா ஒரு கோப்பை, அவ்ளோதான். ஒன்பது பேர்ல அஞ்சு பேர் கேரம் ஆளுங்க. "சீட்டு விழுறபடிதானே ஆட்டம், இதுல படிக்க இன்னா இருக்கு?"ன்னு கேக்குறாங்க. மீதி நாலு பேர் எந்தக் கையை ஆடணும், எதை விடணும்னு போட்ட சார்ட்டை ராவெல்லாம் மனப்பாடம் பண்றாங்க. விவரம் தெரிஞ்சவங்க கணக்கோட சொல்லுங்க: ஒரு டோர்னமெண்ட்ல லக்கு எவ்ளோ, படிப்பு எவ்ளோ? சிப்பு, பிளைண்ட் (ஒவ்வொரு கையிலயும் ரெண்டு பேர் சீட்டு பாக்குறதுக்கு முன்னாடியே கட்டுற சிப்பு, சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு) எப்படி வெக்கிறதுன்னும் சொன்னா புண்ணியமாப் போகும்.

#2 வியாசை சிகப்புக்காய்
அந்த அஞ்சு பேர் கேக்குறதுல தப்பே இல்ல. கேரம்ல ஒரு செட்டுன்னா 25 பாயிண்டு, இல்லாட்டி 8 போர்டு. மூணுல ரெண்டு செட்டு எடுக்கணும். டாஸ், பிரேக் தவிர லக்குக்கு வேலை இல்ல. நல்லா ஆடுறவன் ஒரு போர்டு விட்டாலும் அடுத்த போர்டுல புடிச்சிக்குவான். மரிய இருதயம், இளவழகி, காசிமா இவங்கல்லாம் திரும்பத் திரும்ப ஜெயிச்சது அதனாலதான். போக்கர்ல பாரு, 2003 உலகத் தொடர் மெயின் ஈவண்டுல கிறிஸ் மணிமேக்கர்னு ஒரு கணக்குப்பிள்ளை, ஆன்லைன் சில்லறை டோர்னமெண்ட் ஜெயிச்சு உள்ள வந்தாரு, மொத்தம் 839 பேர்ல முதலிடம் புடிச்சு 25 லட்சம் டாலரைத் தூக்கினு போயிட்டாரு. கேரம்ல அப்படி ஒரு ஆளைக் காட்டு பாப்போம்.

#3 கொருக்குப்பேட்டை கணக்கு
சிகப்புக்காய் அண்ணே, ஒரே ஒரு டோர்னமெண்டைப் பத்திப் பேசுனா நீங்க சொல்றது சரி. கணக்கும் உங்க பக்கம்தான்.

கையில ஏஸ் ஜோடி வர 221ல ஒரு வாய்ப்பு. வந்துச்சு, எதிராளி கையில ராஜா ஜோடி, ரெண்டு பேரும் மொத்த சிப்பையும் தள்ளிட்டாங்கன்னு வெச்சுக்குங்க. ஹோல்டெம்ல இது ரொம்ப நல்ல நிலைமை. அங்கயும் ஏஸ் நிக்க 82 சதவீதம்தான். இதே நிலைமை அஞ்சு வாட்டி வந்து அஞ்சையும் ஜெயிக்கணும்னா 0.82ஐ அஞ்சு தடவை பெருக்கணும். வர்றது 37 சதவீதம். ராணி ஜோடிக்கு எதிரா ஏஸ்-ராஜா மாதிரி சரிபாதிக்குப் பக்கத்துல இருக்கிற சண்டைன்னா, அஞ்சையும் எடுக்க ஏறக்குறைய 3 சதவீதம். ஒரு டோர்னமெண்ட் ஜெயிக்க இந்த மாதிரி சில சண்டையாவது நம்ம பக்கம் விழுந்தே ஆகணும்.

கேரமுக்கும் இதுக்கும் வித்தியாசம் எங்கன்னா, அங்க ஒரு போர்டு தோத்தா சில பாயிண்டு போகும். இங்க நம்மளவிட அதிக சிப்பு வெச்சிருக்கவன்கிட்ட ஒரு ஆல்-இன் (மொத்த சிப்பையும் தள்ளுற சண்டை) தோத்தா வீட்டுக்குப் போகணும். திருத்திக்க அடுத்த போர்டு இல்ல.

#4 கொருக்குப்பேட்டை கணக்கு
தொடர்ச்சி. இப்ப பல டோர்னமெண்டைப் பாப்போம். 100 பேர் ஆடுற டோர்னமெண்ட்ல சாதா ஆளுக்கு ஜெயிக்க 1 சதவீதம். படிச்ச ஆளு அவனைவிட ரெண்டு மடங்கு நல்லா ஆடுறான்னு தாராளமா வெச்சுக்குவோம், அவனுக்கு 2 சதவீதம்.

50 டோர்னமெண்ட் ஆடுனா, படிச்சவன் ஒண்ணுகூட ஜெயிக்காம இருக்க 36 சதவீத வாய்ப்பு. படிக்காதவன் ஒண்ணாவது ஜெயிச்சிருக்க 39 சதவீதத்துக்கு மேல. படிச்சவன் கை வெறுமையா இருக்கிறதும் படிக்காதவன் கோப்பையோட நிக்கிறதும் ஏதோ அதிசயம் இல்ல, கணக்குப்படியே அடிக்கடி நடக்கும். இதைப் பாத்துட்டுத்தான் "படிச்சு என்ன பிரயோஜனம்"ன்னு கேக்குறாங்க.

உங்க லீக்குக்கு வருவோம். 9 பேருன்னா சராசரி 11 சதவீதம். நல்லா தயார் பண்ணவனுக்கு 16 வெச்சுக்கங்க. 10 ரவுண்டுலயும் அவன் ஒரு முதலிடம்கூட எடுக்காம இருக்க 17 சதவீதத்துக்கு மேல வாய்ப்பு இருக்கு. அதனால ஒரு சீசனைப் பாத்து யாரு நல்லா ஆடுறான்னு தீர்ப்பு எழுதிடாதீங்க.

#5 பாரிமுனை வக்கீல்
கோப்பை மட்டும் என்பது நல்ல முடிவு. அதை அப்படியே வைத்திருங்கள். நுழைவுக் கட்டணம், 'சும்மா ஆளுக்கு நூறு' என்ற பேச்சு எதுவும் வேண்டாம். சென்னை மாநகருக்குள் சூதாட்ட வழக்குகளுக்கு 1888ஆம் ஆண்டு மாநகர போலீஸ் சட்டம் இன்றும் கையில் எடுக்கப்படுகிறது.

'லக்கா, திறமையா' என்பது நீதிமன்றத்திலும் பழைய கேள்விதான். கிண்டி குதிரைப் பந்தயம் தொடர்பான கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஓர் ஆட்டத்தில் திறமை மேலோங்கி இருந்தால் போதும், அதிர்ஷ்டமே இல்லாமல் இருக்க வேண்டியதில்லை என்பது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை ஏற்கவில்லை. பிறகு 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் இந்த வாதத்துக்கே இடம் வைக்கவில்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் என்றால் திறமையோ அதிர்ஷ்டமோ, தடைதான். பயிற்சிக்கு இலவச சிப் செயலிகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

#6 பெரம்பூர் பட்டன்
சட்டம் முடிஞ்சதா, இப்ப ஆட்டத்துக்கு வருவோம். படிப்புன்னா எதைப் படிக்கிறதுன்னுதான் முதல்ல கேக்கணும். அந்த நாலு பேர் மனப்பாடம் பண்ற சார்ட் எது? 100 பிக் பிளைண்ட் ஆழத்துக்கு, அதாவது பெரிய பிளைண்டைப் போல நூறு மடங்கு சிப்பு இருக்கும்போது ஆடுறதுக்குப் போட்டதா இருந்தா தூக்கி ஓரமா வைக்கச் சொல்லுங்க. வீட்டு டோர்னமெண்ட்ல முதல் ஒரு மணி நேரம் தாண்டுனா முக்காவாசிப் பேர் 25க்குக் கீழ வந்துடுவாங்க. பைனல்ல எல்லாமே 8லேர்ந்து 15க்குள்ள. அந்த இடத்துலதான் படிப்புக்குப் பலன் அதிகம், ஏன்னா முடிவு ரெண்டே ரெண்டு: தள்ளுறதா, விடுறதா. கணக்குப் போட்டுப் பாக்கலாம்.

பிளைண்ட் 1000/2000, பிக் பிளைண்ட் கட்டுறவரே ஆண்டி, அதாவது மேசைக்கே சேத்துப் போடுற கூடுதல் கட்டாயச் சிப்பு, 2000மும் கட்டுறாரு. மத்தவங்க எல்லாரும் ஃபோல்டு, சீட்டை விட்டுட்டாங்க. நீங்க ஸ்மால் பிளைண்ட், கட்டுன ஆயிரத்தையும் சேத்து உங்ககிட்ட 20,000. எதிர்ல இருக்கிறவர்கிட்ட அதைவிட அதிகம். நடுவுல கிடக்குறது 5000.

மொத்தத்தையும் தள்ளுறீங்க. அவர் விட்டுட்டா உங்களுக்கு 5000. அவர் கால் பண்ணா, அதாவது ஈடா சிப்பு போட்டா, பாட் (நடுவுல சேந்த மொத்த சிப்பு) 42,000. அப்ப உங்க கை மட்டமா 35 சதவீதம்தான் ஜெயிக்கும்னு வெச்சாலும் உங்க பங்கு 14,700. புதுசா போட்டது 19,000. நஷ்டம் சராசரியா 4,300. இப்ப 4,300ஐ 9,300ஆல (அந்த 5000மும் இந்த 4,300மும் கூட்டுனது) வகுங்க: 46 சதவீதம். எதிராளி நூத்துக்கு 46 தடவைக்கு மேல விடுவாருன்னா, கையில இருக்கிறது மட்டமான சீட்டா இருந்தாலும் தள்ளுறது லாபம்.

அவர் பக்கம் பாத்தா, 18,000 போட்டு 42,000க்கு ஆடுறாரு. 43 சதவீதம் ஜெயிக்கிற கை இருந்தா கால் பண்ணலாம். ரெண்டு கணக்கையும் பேப்பர்ல நாலு வேற ஸ்டாக்குக்கு (கையிருப்பு சிப்புக்கு) போட்டுப் பாத்தா, சார்ட்ல அந்தக் கட்டம் ஏன் பச்சையா இருக்குன்னு தானா புரியும்.

#7 ஒத்தியூர் ஒத்த ஏஸ்
பட்டன் தம்பி போட்ட கணக்குல ஒரு கண்ணி இருக்கு, அதையும் சொல்லிடுறேன். அந்த 46 சதவீதம் எதிராளி 'விடுவாரு'ன்னு நம்பிப் போட்டது. மொட்டை மாடி ஆட்டத்துல விடவே மாட்டேன்னு ஒருத்தர் கண்டிப்பா இருப்பாரு. "வந்தா மலை"ன்னு எட்டு-அஞ்சை வெச்சு கால் பண்ணுவாரு. அவர்கிட்ட சார்ட்படி குப்பைக் கையைத் தள்ளுனா சார்ட் தப்பில்ல, ஆளு தப்பு. அவருக்கு எதிரா நல்ல கையை மட்டும் தள்ளணும், ஆனா நல்ல கை வந்தா யோசிக்காம தள்ளணும்.

சார்ட் மனப்பாடம் எங்கெங்க கவுக்கும்னு நான் பாக்குறது:
ஆண்டி இல்லாத சார்ட்டை ஆண்டி இருக்கிற ஆட்டத்துல வெக்கிறது. நடுவுல கூடுதலா ஒரு பிக் பிளைண்ட் கிடக்குது, அதுக்குத் தகுந்த மாதிரி இன்னும் பல கைகளைத் தள்ளணும். அதை விட்டுட்டு உக்காந்திருந்தா பிளைண்டே நம்மளத் தின்னுடும்.
தன் ஸ்டாக்கை மட்டும் எண்ணுறது. சண்டையில ரெண்டு பேர்ல யாருகிட்ட கம்மியோ அந்த அளவுதான் கணக்கு. நம்மகிட்ட 30 இருந்து எதிராளிகிட்ட 7 இருந்தா அது 7 பிக் பிளைண்ட் சண்டை.
ஒன்பது பேர் மேசைச் சார்ட்டை நாலு பேர் மிச்சமிருக்கும்போது பாக்குறது. நமக்கு அப்புறம் எத்தனை பேர் முடிவெடுக்கணும்கிறதுதான் முக்கியம்.

#8 வியாசை சிகப்புக்காய்
சரி பா, கணக்கு புரியுது. ஆனா தள்ளுனப்புறம் சீட்டுதானே பேசுது? அங்க படிப்பு இன்னா பண்ணும்?

#9 கொருக்குப்பேட்டை கணக்கு
தள்ளுனப்புறம் ஒண்ணும் பண்ணாதுண்ணே. தள்ளுற வரைக்கும்தான் படிப்பு, அப்புறம் மொத்தமும் சீட்டு. அதனாலதான் நாலு பேர் மிச்சம், மூணு பேருக்குப் புள்ளின்னு நிக்கிற இடம் இருக்கே, பபிள், அங்க படிச்சவனுக்கும் படிக்காதவனுக்கும் வித்தியாசம் பளிச்சுனு தெரியும். உங்க லீக் புள்ளியை வெச்சே போடுறேன்.

மொத்த சிப்பு 90,000. நாலு பேருக்கும் சமமா 22,500. மூணு இடத்துக்கு 50, 30, 20. எல்லாரும் சமம்ங்கிறதால ஒவ்வொருத்தர் சிப்புக்கும் இப்ப மதிப்பு 25 புள்ளி.

ரெண்டு பேர் முட்டிக்கிறாங்க. தோத்தவனுக்குப் பூஜ்யம். ஜெயிச்சவன்கிட்ட 45,000, மத்த ரெண்டு பேர்கிட்ட 22,500. சிப்பு ரெண்டு மடங்காச்சு, மதிப்பும் 50 ஆகணும்ல? ஆகாது. அவனுக்கு முதலிடம் வர 50 சதவீதம், ரெண்டாவது 33, மூணாவது 17. 50ல பாதி 25, 30ல மூணுல ஒரு பங்கு 10, 20ல ஆறுல ஒரு பங்கு 3.3. கூட்டுனா 38.3 புள்ளிதான். மீதி எங்க போச்சு? சண்டையே போடாம உக்காந்திருந்த ரெண்டு பேருக்கும் பிரிஞ்சு போச்சு.

25ஐ 38.3ஆல வகுங்க. 65 சதவீதம். பிளைண்டை ஒதுக்கிட்டுப் பாத்தா, அந்த இடத்துல சண்டைக்குப் போக 65 சதவீதம் ஜெயிக்கிற கை வேணும். எதிராளி ஏஸ்-ராஜாவைத் திறந்து காட்டிட்டுத் தள்ளுறாரு, உங்க கையில ராணி ஜோடி, ஜெயிக்க 57 சதவீதம். இருந்தும் விடணும். படிக்காதவன் விடவே மாட்டான். விட்டதுக்கு யாரும் கை தட்டவும் மாட்டாங்க. ஆனா சீசன் முழுக்க இந்த இடத்துலதான் புள்ளி சேரும்.

#10 பெரம்பூர் பட்டன்
கணக்கு சொன்னதோட என் #6ஐ ஒட்டுங்க. அதே நாலு பேர், ஆளுக்கு 22,500, பிளைண்ட் 1000/2000. ஸ்மால் பிளைண்ட் தள்ளுறாரு. பிக் பிளைண்டுக்கு சிப்பு கணக்குப்படி 43 சதவீதம் போதும். ஐசிஎம் முறையில, அதாவது சிப்பைப் புள்ளியா மாத்திப் பாத்தா, சுமார் 59 வேணும். எதிராளி அவ்ளோ இறுக்கமாத்தான் கால் பண்ண முடியும்னா, ஸ்மால் பிளைண்ட் இன்னும் அதிகமா தள்ளலாம். பபிள்ல முதல்ல தள்ளுறவன் கை மேலங்கிறதுக்குக் காரணம் இதுதான், தைரியம் கிடையாது. எதிராளிக்கும் இந்தக் கணக்கு தெரிஞ்சிருந்தா மட்டும்தான் இது செல்லும், அதையும் மறந்துடாதீங்க. தெரியாதவன் ஏஸ்-அஞ்சை வெச்சு கால் பண்ணி ரெண்டு பேரையும் கெடுப்பான்.

#11 ராயபுரம் ரிவர்
மெர்சலாயிட்டேன் தலைவா. ஒரு சந்தேகம். மூணு பேர் மிச்சம், 50,000, 30,000, 20,000ன்னு இருந்தா, சிப்பு விகிதப்படி புள்ளியைப் பிரிச்சுக்கினு சீக்கிரம் கிளம்பலாமா?

#12 கொருக்குப்பேட்டை கணக்கு
பிரிக்கலாம், சிப்பு விகிதப்படி வேண்டாம். அப்படிப் பிரிச்சா பெரிய ஸ்டாக்குக்கு 50 புள்ளி போகும். முதலிடத்துக்கே 50தான், இன்னும் ஜெயிக்கவே இல்லையே! கடைசி ஆளுக்கு மூணாவது இடமே 20 தரும், அவருக்குக் கூடுதலா ஒண்ணும் கிடைக்கல. ஐசிஎம்படி 38.4, 32.75, 28.9 வரும். பத்து நிமிஷ வேலை, பேப்பர்லயே போடலாம். முதலிடம் வர வாய்ப்பு அவங்கவங்க சிப்பு விகிதம். ரெண்டாவது இடத்துக்கு, முதல் ஆளை நீக்கிட்டு மிச்ச சிப்புல விகிதம் பாக்கணும்.

(90,000 சிப்பு ஆட்டத்துல 50, 30, 20 ஆயிரம் எப்படி வந்துச்சுன்னு கேக்க மாட்டேன்.)

#13 தண்டையார்பேட்டை டீலர்
எல்லாரும் கணக்குலயே நிக்கிறீங்க. லக்கைக் கூட்டுறதும் குறைக்கிறதும் ஆட்டத்தை நடத்துறவன் கையில இருக்கு. யாரும் அதைப் பேசல.

சிப்பு: ஆளுக்கு 10,000. 25ல 8, 100ல 8, 500ல 4, 1000ல 7. கூட்டிப் பாருங்க, சரியா வரும். ஒன்பது பேருக்கு 243 சிப்பு. 300 சிப்பு பெட்டி போதும், ஆனா வாங்குறதுக்கு முன்னாடி எந்த நிறம் எத்தனைன்னு எண்ணிப் பாத்து மதிப்பை மாத்திக்கணும்.

பிளைண்ட்: 50/100, 75/150, 100/200, 150/300, 200/400, 300/600, 400/800, 500/1000, 600/1200, 800/1600, 1000/2000, 1500/3000, 2000/4000. மொத்தம் 13 படி. 75/150 முடிஞ்சதும் 25 சிப்பை எல்லாம் திரும்ப வாங்கி 100ஆ மாத்திடுங்க, இல்லாட்டி பாட் எண்ணவே நேரம் போகும்.

படிக்கு 15 நிமிஷம் வெச்சா அதிகபட்சம் மூணே கால் மணி நேரம். ஏன் 13ல முடியும்னா, கடைசில 90,000 சிப்பு ரெண்டு பேர்கிட்ட, பிக் பிளைண்ட் 4000. மொத்தமே 22 பிக் பிளைண்டுதான், அதுக்கு மேல இழுக்காது.

இப்ப விஷயத்துக்கு வரேன். வீட்டுல கலைச்சுப் போட்டு ஆடுனா மணிக்கு 25 கை வந்தாலே பெருசு. 15 நிமிஷத்துல ஆறு கை. ஒன்பது பேர் மேசையில ஒரு சுத்து முடியறதுக்குள்ளயே பிளைண்ட் ஏறிடும். யாராவது "சீக்கிரம் முடிக்கலாம், 8 நிமிஷம் வெய்யி"ன்னா படிக்கு மூணு கைதான். நல்ல கைக்குக் காத்திருக்கிற படிப்பே செல்லாது, எல்லாரும் பத்து பிக் பிளைண்டுல கண்ணை மூடிக்கினு தள்ளுவாங்க. திறமை பேசணும்னா 20 நிமிஷமாக்குங்க, ஆறு மணிக்கே ஆரம்பிங்க.

#14 தண்டையார்பேட்டை டீலர்
இன்னொண்ணு. ராயபுரம் மொட்டை மாடி, கடல் காத்து. பேப்பர் சீட்டு வேண்டவே வேண்டாம். உப்புக் காத்துல ஈரம் ஏறி ஒட்டும், ஓரம் மடங்கும். மடங்குன சீட்டை மூணாவது ரவுண்டுல எல்லாருக்கும் அடையாளம் தெரியும். அப்புறம் லக்கும் இல்ல, படிப்பும் இல்ல, கண்ணுதான். முழு பிளாஸ்டிக் சீட்டு ரெண்டு கட்டு, பின்பக்க நிறம் வேற வேற. ஒண்ணுல ஆடும்போது இன்னொண்ணைக் கலைச்சு வைக்கலாம், நேரம் மிச்சம். மேசைக்குத் தடிச்ச கம்பளித் துணி போட்டு நாலு மூலையிலயும் கிளிப்பு.

கலைக்கிறது: நம்மாளுங்க கையில வெச்சுக் குத்துக்குத்தா எடுத்துப் போடுறது கலைக்கிறதே இல்ல. போன கையில ஒண்ணா இருந்த சீட்டு அப்படியே ஒட்டிக்கினு வரும். முதல்ல மேசையில கவுத்துப் போட்டு ரெண்டு கையாலயும் கலக்கணும். அப்புறம் கட்டை ரெண்டாப் பிரிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு விழுற மாதிரி ரெண்டு தடவை, நடுவுல ஒரு தடவை துண்டு துண்டா எடுத்து வெச்சு, மறுபடி ஒரு தடவை, கடைசில பக்கத்து ஆளு வெட்டணும். 52 சீட்டு நல்லா கலையணும்னா பிரிச்சு நுழைக்கிறது ஏழு தடவை வேணும்னு டயாகோனிஸும் பேயரும் 1992லயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்காங்க. மேசையில பரப்பிக் கலக்குறதால நமக்கு அத்தனை தேவைப்படாது.

#15 வியாசை சிகப்புக்காய்
டீலர் சொன்னதுதான் எனக்குப் புடிச்சுது. சரி, ஒன்பது பேரும் இந்தக் கணக்கெல்லாம் கத்துக்கினாங்கன்னு வெய்யி. அப்ப திரும்ப லக்குதானே?

#16 ஒத்தியூர் ஒத்த ஏஸ்
ஆமாண்ணே, நல்ல கேள்வி. எல்லாரும் ஒரே அளவு படிச்சுட்டா யாரு ஜெயிக்கிறாங்கன்னு சீட்டுதான் முடிவு பண்ணும். படிப்பு மறைஞ்சு போகல, ஒருத்தரோடது இன்னொருத்தரோடதுக்கு ஈடாப் போச்சு. அப்ப படிக்காதவன் மட்டும் அடி வாங்குவான்.

உலகத் தொடர் மெயின் ஈவண்ட்டே இதுக்குச் சாட்சி. ஜானி சான் 1987ல ஜெயிச்சாரு, 1988லயும் ஜெயிச்சாரு, 1989ல ரெண்டாவது. அப்ப ஆடுனது 152, 167, 178 பேர். 2023ல 10,043 பேர், 2024ல 10,112 பேர். இன்னிக்கு ஒருத்தர் ரெண்டு வருஷம் தொடர்ந்து ஜெயிக்கணும்னு எதிர்பாக்கவே முடியாது. கூட்டமும் பெருசு, எதிர்ல இருக்கிறவனும் படிச்சிருக்கான்.

மணிமேக்கரைச் சொன்னீங்க. அதே 2003ல மூணாவது வந்தவர் டான் ஹாரிங்டன், 1995ல ஜெயிச்சவர். அடுத்த வருஷம் 2,576 பேர்ல நாலாவது வந்தாரு. அதையும் சேத்துப் பாத்தாத்தான் படம் முழுசாகும். ஒருத்தரை வெச்சுப் பேசாம மொத்தமா பாக்கணும்னா, சிகாகோ பல்கலைக்கழகத்துல ஸ்டீவன் லெவிட்டும் தாமஸ் மைல்ஸும் 2010 தொடரை ஆராய்ஞ்சிருக்காங்க. தொடருக்கு முன்னாடியே திறமைசாலின்னு குறிச்ச 720 பேர், கட்டுன காசுக்குச் சராசரியா 30 சதவீதத்துக்கு மேல லாபம் எடுத்தாங்க. மத்தவங்களுக்குச் சராசரியா 15 சதவீதத்துக்கு மேல நஷ்டம். வித்தியாசம் தெளிவா இருக்கு, ஆனா ஆயிரக்கணக்கானவங்களைச் சேத்துக் கூட்டுனாத்தான் தெரியுது.

#17 கொருக்குப்பேட்டை கணக்கு
அக்கா சொன்னதுக்கு ஒரு ஒட்டு. 2017ல லிப்ராட்டஸ்னு ஒரு கம்ப்யூட்டர் நாலு தொழில்முறை ஆட்டக்காரங்களோட பிட்ஸ்பர்க்ல மோதிச்சு. 20 நாள், 1,20,000 கை. அவ்ளோ ஆடுனதே லக்கை ஒதுக்கி யாரு மேலன்னு அடிச்சுச் சொல்லத்தான். நம்ம பத்து ரவுண்டுல ஒருத்தர் 600, 700 கை பாப்பாரு.

#18 ராயபுரம் ரிவர்
அப்போ எங்க பசங்க படிச்சது வேலை செய்யுதா இல்லையான்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது? ரிசல்ட்டைப் பாக்காதன்னா வேற எதைப் பாக்குறது?

#19 பெரம்பூர் பட்டன்
நோட்டுதான். ஆல்-இன் நடந்த ஒவ்வொரு கைக்கும் இதை எழுதச் சொல்லுங்க: எத்தனை பேர் மிச்சம், பிளைண்ட் எவ்ளோ, ரெண்டு பேர் ஸ்டாக்கும் பிக் பிளைண்ட் கணக்குல, யாரு எந்த இடத்துல உக்காந்திருந்தாங்க, யாரு முதல்ல தள்ளுனாங்க, திறந்தப்ப ரெண்டு பேர் கை. யாரு ஜெயிச்சாங்கன்னு கடைசிப் பத்தியில, கையால மூடி வெக்கிற மாதிரி எழுதுங்க. முடிவு சரியான்னு தீர்மானிச்சப்புறம்தான் திறந்து பாக்கணும். தோத்த கையை மட்டும் அலசுறது நிறைய பேரோட வியாதி. ஜெயிச்ச கையிலதான் தப்பு ஒளிஞ்சிக்கினு இருக்கும்.

எதிராளி கையைத் திறக்காம விட்டா, அவர்கிட்ட என்னென்ன இருந்திருக்கலாம்னு எண்ணணும். உதாரணத்துக்கு, இறுக்கமா ஆடுற ஒருத்தர் மேல மேல ஏத்தித் தள்ளுறாரு, ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ்-ராஜா தவிர தள்ள மாட்டாருன்னு வெச்சுக்குவோம். ஏஸ் ஜோடி 6 விதமா வரும், ராஜா ஜோடி 6, ஏஸ்-ராஜா 16. மொத்தம் 28. நம்மகிட்ட ராணி ஜோடி. 12க்கு எதிரா பலத்த அடி, 16க்கு எதிரா கொஞ்சம் மேல. சேத்துப் பாத்தா 40 சதவீதம். பாட் எவ்ளோ விலை குடுக்குதுன்னு பாத்து இதை வெச்சு முடிவெடுக்கணும். "எனக்கு ராணி ஜோடி வந்துச்சு, எப்படிப்பா விடுறது"ங்கிறது காரணம் ஆகாது.

#20 கொருக்குப்பேட்டை கணக்கு
பட்டன் சொன்ன நோட்டுல இன்னொரு பத்தி போடுங்க: சிப்பு உள்ள போன நேரத்துல ஜெயிக்கிற சதவீதம். சீசன் முடிவுல அதைக் கூட்டுங்க, நிஜமா ஜெயிச்ச எண்ணிக்கையோட ஒப்பிடுங்க. 30 ஆல்-இன், சராசரி 55 சதவீதம்னா 16, 17 ஜெயிச்சிருக்கணும். ஆனா 11லேர்ந்து 22 வரைக்கும் எங்க நின்னாலும் அது சாதாரண ஏற்ற இறக்கம்தான். 12 ஜெயிச்சவன் "எனக்கு ராசியே இல்ல"ன்னு சார்ட்டைக் கிழிக்க வேணாம், 21 ஜெயிச்சவன் காலரைத் தூக்கிவிட வேணாம். கூட்டுன சதவீதம் சீசனுக்கு சீசன் ஏறுதான்னு பாருங்க. அதுகூட முழு அளவுகோல் இல்ல, தள்ளி எதிராளி விட்டுட்டுப் போன கை இதுல வராது. அதுக்கு பட்டனோட #6 கணக்கைத் தனியா போட்டுப் பாக்கணும்.

#21 ராயபுரம் ரிவர்
எல்லாருக்கும் நன்றி பா. படிக்கு 20 நிமிஷம், பிளாஸ்டிக் சீட்டு ரெண்டு கட்டு, ஆளுக்கொரு நோட்டு. முடிவு பண்ணியாச்சு. கேரம் கோஷ்டி ரீ-பை கேக்குது, அதாவது முதல் ஒரு மணி நேரத்துல அவுட்டானா திரும்ப 10,000 சிப்பு. குடுக்கலாமா?

#22 தண்டையார்பேட்டை டீலர்
குடுக்காதீங்க. காசு கட்டுற ஆட்டத்துல ரீ-பைக்கு ஒரு விலை இருக்கும், யோசிச்சுத் தள்ளுவாங்க. இங்க இலவசம்னா முதல் கையிலேர்ந்தே எல்லாரும் தள்ளுவாங்க, ரெண்டு பேர் மட்டும் இரட்டை, மூணு மடங்கு சிப்போட நிப்பாங்க. சீக்கிரம் அவுட்டாகி சும்மா உக்காரணுமேன்னுதான் கேக்குறாங்கன்னா, அவுட்டானவரை டீலரா உக்கார வெய்யுங்க. ஆட்டமும் வேகமாப் போகும், அவரும் நாலு பேர் எப்படி ஆடுறாங்கன்னு பாத்துக்கலாம்.

#23 வியாசை சிகப்புக்காய்
இல்லாட்டி பக்கத்துல ஒரு கேரம் போர்டு போட்டு வெய்யி. அவுட்டானவன் எல்லாம் நம்ம பக்கம் வந்துடுவான். பவுடர் நான் எடுத்துனு வரேன்.